அப்பா வாங்கிய ஒரே மெமோ

நடந்தவை, வரிசைப்படி:

1. ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பாவின் போனை ரூட் செய்தேன்.
2. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் போன் அருமையாக வேலை செய்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.
3. புதன் மாலை, தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டி அந்தப் போனின் திரையைப் படித்தார்.
4. அன்று மாலையே நான் அதைச் சரிசெய்தேன். அதனால் விஷயம் மோசமானது.
5. வியாழன் மாலை விளக்கக் கடிதம் எழுதினேன். அதனால் இன்னும் மோசமானது.
6. அடுத்த வாரம் அப்பா மெமோ வாங்கினார். ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது.

இந்தப் பட்டியலில் அப்பா செய்தது என்று எதுவுமே இல்லை. வாங்கியது மட்டும்தான் அவர்.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். பிறர் எழுதிய நிரல்களில் எங்கே உடையும் என்று தேடிக் கண்டுபிடிப்பதற்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். இந்தத் தகுதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு தெரிந்தால் இன்னும் கேவலமாக இருக்கும்.

அப்பாவுக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இருபத்தாறு வயதில் வந்து, ஸ்டோர்ஸ் பிரிவில் சேர்ந்து, குவார்ட்டர்ஸிலேயே குடும்பம் நடத்தியவர். அவர் வேலை பார்த்த இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஓய்வு பெற்றால் கேன்டீன் ஹாலில் விழா நடக்கும். குடும்பத்தை முன்வரிசையில் உட்காரவைத்து, பிரிவு அதிகாரி அந்த ஊழியரின் சர்வீஸை வாசிப்பார். எல்லாருக்கும் பொதுவான நாலு வரி. பிறகு, கொடுத்துவைத்த சிலருக்கு மட்டும் கூடுதலாக ஒரு வரி: "இவருடைய சர்வீஸில் ஒரு மெமோகூட இல்லை." ஹாலே கைதட்டும். மனைவிமார்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அப்பா ஒவ்வொரு விழாவுக்கும் போய்வந்து அந்த ஒரு வரி வந்ததா இல்லையா என்பதை மட்டும்தான் எங்களிடம் சொல்வார். "சண்முகத்துக்குச் சொல்லல. தொண்ணூத்தெட்டுல ஒண்ணு வாங்கிட்டாரு, பாவம்" என்பார். முப்பத்து நான்கு வருடமாக அவர் காத்திருந்தது அந்த வரிக்காக. அம்மா அந்த வரியை உட்கார்ந்து கேட்பதற்கென்றே ஒரு பட்டுப்புடவை எடுத்துவைத்திருந்தாள். (மயில்கழுத்து நிறம். இன்னும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது.)

இப்போது போனுக்கு வருகிறேன்.

அப்பாவுடையது விலை குறைந்த போன். விலையைக் குறைத்த கம்பெனி, அதை விளம்பரத்தில் ஈடுகட்டிக்கொண்டது. நினைத்த நேரத்தில் ரம்மி விளம்பரம் சத்தமாகப் பாடும். நீக்க முடியாத செயலிகள் பதினேழு. வாழ்க்கையில் சீட்டுக்கட்டைத் தொடாத மனிதரின் சட்டைப்பையிலிருந்து, டீக்கடையில் நின்றிருந்தபோது, "வாங்க, ஆடுங்க, ஜெயிங்க" என்று கேட்டிருக்கிறது. அப்பாவோடு முப்பது வருடமாக ஒரே பிரிவில் வேலை பார்த்த ஏழுமலை மாமா பக்கத்தில்தான் நின்றிருந்தார். சும்மா விடுவாரா?

"இன்னா நைனா, ரிட்டயர் ஆனப்புறம் இதான் பொயப்பா?"

அப்பா கூசிப்போய் வீட்டுக்கு வந்தார். "பாப்பா, இந்த எழவ நிறுத்த முடியுமா பாரேன்" என்று போனை என்னிடம் நீட்டினார்.

நிறுத்த முடியும். கணினியில் இணைத்து நாலு கட்டளை கொடுத்தால் பாதி போய்விடும். மீதியை செட்டிங்ஸில் போய் அணைக்கலாம். அரை மணி நேர வேலை. ஒரு டெஸ்டருக்கு இதுவே அதிகம்.

ஆனால் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் ஒருவன், நான் சுட்டிக்காட்டிய பிழையைச் சகிக்காமல், எல்லார் முன்னாலும் சொன்னான்: "டெஸ்டிங்ல இருக்கிறவங்களுக்கு உள்ள என்ன நடக்குதுன்னு எப்படித் தெரியும்? பட்டனை அமுக்குறதுதானே அவங்க வேலை." எட்டுப் பேர் சிரித்தார்கள். நான் நிதானமானவள் என்று பெயர் வாங்கியிருப்பதால் பதில் சொல்லவில்லை. பட்டரவாக்கத்தில் ரயில் ஏறி ஆவடி வரும்வரை பதில்களை மனத்தில் எழுதிக்கொண்டு வந்தேன். மொத்தம் பதினொன்று.

அந்தக் கோபத்தின் பலன் அப்பாவின் போன்மீது விழுந்தது.

ரூட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: நாங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தபோது, சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்குக்கூடப் பராமரிப்பு அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். போனும் அப்படித்தான். காசு நம்முடையது, ஆனால் நாம் குடியிருப்பவர்கள் மட்டுமே. எந்தச் செயலி இருக்க வேண்டும், எது போகக்கூடாது என்பதைக் கம்பெனி முடிவு செய்யும். ரூட் செய்வது என்பது, மனு கொடுக்காமல் முழு வீட்டின் சாவியையும் எடுத்துக்கொள்வது. அதன் பிறகு எந்தச் சுவரையும் இடிக்கலாம். தலையில் விழுந்தால் கேட்கவும் ஆள் கிடையாது.

ஞாயிறு மதியம் பதினான்கு படிகள் கொண்ட பட்டியல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கம்பெனி போட்டிருக்கும் பூட்டைத் திறந்தால் போனில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் படங்கள், எண்கள், வாட்ஸப் எல்லாவற்றையும் நகல் எடுத்தேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னட்டி பண்ணுத அந்த போன வச்சு? கறுப்பா எழுத்தா ஓடுது. அவரு போன கெடுத்துராத."

"அம்மா, இது என் வேலைம்மா."

"உன் வேலைன்னா உன் போன்ல பண்ண வேண்டியதுதானே?"

நான் அடுத்த கட்டளையைத் தட்டினேன்.

வேலை முடிந்தது. பதினேழு செயலிகளும் காலி. ரம்மி காலி. போன் மழைக்குப் பிறகான தெருபோலச் சுத்தமாக இருந்தது. ஒரே ஒரு சின்ன விஷயம். போனை அணைத்து மறுபடி இயக்கினால், கறுப்புத் திரையில் ஐந்து நொடி ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வரும். தமிழில் சொன்னால்: "உங்கள் சாதனத்தின் பூட்டு திறக்கப்பட்டுள்ளது. இதை நம்ப முடியாது." பூட்டைத் திறந்த போன்களில் வழக்கமாக வருவதுதான். என் பட்டியலில் ஒன்பதாவது படிக்கு எதிரே அதைக் குறித்தேன். எங்கள் தொழிலில் ஒவ்வொரு பிழைக்கும் அதன் பாதிப்பு எவ்வளவு என்று எழுத வேண்டும். நான் எழுதியது: "பாதிப்பு: குறைவு. யார் தினமும் போனை அணைத்து இயக்கப்போகிறார்கள்?"

என் அப்பா. தினமும். காலை ஏழரைக்கு அணைப்பார், மாலையில் இயக்குவார்.

தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் அணைத்து, எண் போட்ட அறையில் வைத்துவிட்டு, டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். மாலை டோக்கனைக் கொடுத்து வாங்கி, செக்யூரிட்டி முன்னாலேயே இயக்கி, தன்னுடையதுதான் என்று காட்டிவிட்டு வெளியே வர வேண்டும். (ஒரே மாதிரி இரண்டு போன்கள் மாறிப்போய், இரண்டு வீடுகளில் சண்டை நடந்த பிறகு வந்த விதி.) இது எனக்குப் பள்ளி நாள்களிலிருந்தே தெரியும். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பதுபோல, யோசிக்காமலே தெரிந்த விஷயம். அதனால்தான் யோசிக்கவில்லை.

திங்களும் செவ்வாயும் வாசலில் யாரும் கவனிக்கவில்லை. அப்பா கண்ணாடி போடாமல் படிக்க மாட்டார். புதன்கிழமை புதிதாக ஒரு செக்யூரிட்டி பணிக்கு வந்திருந்தார். வரிசையில் பின்னால் நின்ற ஏழுமலை மாமா இதை நடித்தே காட்டுவார்:

"சார், இன்னா சார் இது? நம்பாதேன்னு போனே சொல்லுது?"

"என்னமோ வருது சார், ரெண்டு நாளா. பொண்ணு ஏதோ சரி பண்ணிக் குடுத்தா."

"பூட்டைத் தொறந்துகீதுன்னு போட்டுகீது. யார் சார் தொறந்தா?"

"அதான், பொண்ணு."

"பொண்ணு எங்க சார் வேலை பாக்குது?"

"கம்ப்யூட்டர்ல."

இதைவிடச் சந்தேகத்துக்கு இடமான பதிலை அப்பா தேடினாலும் கிடைத்திருக்காது. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டி கேட்டது நியாயமான கேள்வி. நோட்டில் எழுதிக்கொண்டு, நாளை பாதுகாப்பு அதிகாரியிடம் போனைக் காட்டச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "பாப்பா, கேட்டுல என்னமோ கேக்காவ. மெமோ கிமோ வந்துருமா?"

"அதெல்லாம் ஒண்ணும் வராதுப்பா. இருபது நிமிஷம் குடுங்க."

இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். பூட்டு பூட்டப்பட்டது. எச்சரிக்கை போயிற்று. நகல் எடுத்துவைத்த படங்களும் எண்களும் மறுபடி ஏறின. மறுநாள் காலை அப்பா நிம்மதியாக அதிகாரி முன்னால் போனை இயக்கிக் காட்டினார். ஒன்றும் வரவில்லை.

"நேத்து இருந்தது இன்னிக்கு எங்க போச்சு?" என்று கேட்டார் அதிகாரி.

"பொண்ணு அழிச்சுட்டா சார்" என்றார் அப்பா, பெருமையாக.

நேற்று வரை அது ஒரு விநோதமான போன். இன்று அது தடயம் அழிக்கப்பட்ட போன். மறுநாளைக்குள் எழுத்தில் விளக்கம் கொடுக்கச் சொன்னார்கள்.

"உனக்குத்தான் இங்கிலீஷ்ல எழுத வரும்" என்று அப்பா வெள்ளைத்தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எனக்கு எழுத வரும் ஒரே வடிவம் பிழை அறிக்கை. அந்த வடிவத்திலேயே எழுதினேன், எண் போட்டு:

ஒன்று: மேற்படி கைபேசியின் பாதுகாப்புப் பூட்டு என் மகளால் வேண்டுமென்றே திறக்கப்பட்டது. இரண்டு: தயாரிப்பாளரின் கட்டுப்பாடுகள் முறியடிக்கப்பட்டு, முழு அதிகாரமும் கைப்பற்றப்பட்டது. மூன்று: பழைய தரவுகள் அனைத்தும் அழிக்கப்பட்டன. நான்கு: வாசலில் கண்டறியப்பட்டதும், அன்று மாலையே எல்லா அடையாளங்களும் நீக்கப்பட்டன. ஐந்து: இதே செயலை மீண்டும் நிகழ்த்திப் பார்க்கும் வழிமுறை, இணைப்பில்.

ஆமாம், இணைப்பும் வைத்தேன். பதினான்கு படிகளும், ஒரு படி விடாமல். பிழை அறிக்கையில் அது இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அப்பா கையெழுத்துப் போட்டார்.

"படிச்சுப் பாருங்கப்பா."

"நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்."

பிறகு ஏழுமலை மாமா நகலைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "கோமு, இன்னாம்மா இது, வாக்குமூலம் மாதிரிகீது? 'தெரியாம நடந்துபோச்சு சார், மன்னிச்சிக்கோங்க'ன்னு ரெண்டு வரி எழுதிக்கினு போயிருந்தா, டீ வாங்கிக் குடுத்து அனுப்பிருப்பானுங்க. நீ உங்கப்பாவ ஒற்றனாவே ஆக்கிட்ட!"

போனை ஒரு வாரம் வைத்துப் பரிசோதித்தார்கள். உள்ளே இருந்தவை: கோயில் படங்கள், ஸ்டோர்ஸ் சங்கத்தின் காலை வணக்கங்கள், என்னுடைய பட்டமளிப்பு விழா வீடியோ. தவறான நோக்கம் எதுவும் இல்லை, இனிமேல் கவனமாக இருக்கவும் என்று முடித்துக்கொண்டார்கள். ஓய்வூதியத்தில் ஒரு பைசா குறையவில்லை. ஆனால் அதை மெமோவாகத்தான் கொடுத்தார்கள். நான் எழுதிக்கொடுத்த கடிதத்துக்கு அதைவிடக் குறைவாக எதுவும் கொடுத்திருக்க முடியாது. நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

அப்பா என்னைத் திட்டவில்லை. மெமோவைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரும்பு பீரோவில், என் மார்க் ஷீட்டுகள் இருக்கும் கோப்புக்குள் வைத்தார். வேறு கோப்பு இல்லையா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

மூன்று மாதம் கழித்து விழா. அம்மா வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தாள். அதிகாரி வாசித்தார்: சேர்ந்த தேதி, பிரிவு, பதவி உயர்வுகள், நேரம் தவறாமை. பிறகு தாளிலிருந்து தலையை நிமிர்த்தி, ஒரு கணம் அப்பாவைப் பார்த்தார். "வாழ்த்துகள்" என்று சொல்லி மாலையை எடுத்தார்.

அந்த ஒரு வரி வராததைத் தாங்க முடியாமலோ என்னவோ, ஏழுமலை மாமா மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். வாசலில் நடந்தது, நான் அழித்தது, பதினான்கு படி இணைப்பு எல்லாவற்றையும் குரல் மாற்றி நடித்தார். ஹால் குலுங்கியது. மெமோ வாங்காதவர்களுக்குக் கிடைத்த கைதட்டலைவிட அதிகமான கைதட்டல். அப்பாவும் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அன்றிலிருந்து அது எங்கள் குடும்பத்தின் சொத்து. வேப்பம்பட்டில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோன அன்று, ஐயர் கிளம்புவதற்குள் மாமா ஆரம்பித்துவிட்டார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னாலும் சொன்னார். (பையன் வீட்டில் சிரித்தார்கள். பிறகு போன் வரவில்லை.) உறவினர் யாராவது "இந்த போன் ஸ்லோவா இருக்கும்மா" என்று என்னிடம் நீட்டினால், பக்கத்திலிருந்து யாராவது ஒருவர் சொல்கிறார்: "குடு, குடு. அப்படியே எக்ஸ்பிளனேஷனையும் எழுதி வாங்கிக்க." சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். எனக்கு அந்தக் கதையில் சிரிப்பு வருகிற இடம் எதுவும் இல்லை. அப்பா கையெழுத்துப் போடும் இடம் வரும்போது சமையலறைக்கு எழுந்து போய்விடுவேன்.

சென்ற மாதம் ஒரு நாள், அப்பா ஊஞ்சலில் உட்கார்ந்து செய்தி படித்துக்கொண்டிருந்தபோது, போன் சத்தமாகப் பாடியது. "வாங்க, ஆடுங்க, ஜெயிங்க."

"அப்பா, அதுக்கு ரூட்டெல்லாம் வேண்டாம்பா. சும்மா செட்டிங்ஸ்ல போயி நிறுத்திடலாம். ரெண்டு நிமிஷம்."

அவர் போனை மெல்ல மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் பாப்பா. அது பாட்டுக்கு வரட்டும்."

ஆக, இன்றைய நிலவரம்: போன் அப்பாவிடம் இருக்கிறது. பூட்டு பூட்டியபடியே இருக்கிறது. மெமோ பீரோவில் இருக்கிறது. பதினேழு செயலிகளும் திரும்பி வந்துவிட்டன. ரம்மி தினமும் வருகிறது.