ரிக்கார்டரை நிறுத்து, பாப்பா

"ரிக்கார்டரை நிறுத்து பாப்பா, சொல்றேன்," என்றாள் பெரிய அண்ணி.

எதிரொலி வராமலிருக்கத் துணி அலமாரியைத் திறந்துவைத்து, புடவைகளுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு பாப்பா காலையிலிருந்து எடுத்த பேட்டி. இதுவரை உருப்படியாக ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. கிடைக்கப்போகிற நேரத்தில் இப்படி. ஆனால் பேட்டி கொடுப்பவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும், நிறுத்திய பிறகு சொன்னது வெளியே போகக் கூடாது என்பது தொழில் தர்மம். நிறுத்தினாள்.

"எனக்குச் சின்னவ மேல கோபமே கிடையாது. இது நமக்குள்ள இருக்கட்டும். சத்தியம் பண்ணு."

பாப்பா சத்தியம் செய்தாள்.

வீட்டின் கடைக்குட்டி என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. காதோரம் நரைத்த பிறகும் விடவில்லை. சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டவர்களைத் தனித்தனியே பேட்டி எடுத்து ஒரு பாட்காஸ்ட் நடத்திவந்தாள். கடைசிப் பகுதிக்குத் தன் சொந்த அண்ணிகளையே பிடித்திருந்தாள். ஒன்றாக இருந்த இரண்டு அண்ணன்களின் குடும்பமும், ஒரு மிக்ஸி மூடி காணாமல் போன சண்டையில் இரண்டாகி, வேறு வேறு தெருவுக்குப் போய்விட்டன. எல்லாரும் மறுபடி ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தீராத ஏக்கம். பாட்காஸ்ட் அதற்கொரு சாக்கு.

சின்ன அண்ணி அந்தச் சண்டையைப் பெரிய அண்ணி சொன்ன மாதிரியே, ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். இரண்டு தரப்பும் இப்படி ஒத்துப்போவது அபூர்வம் என்று பாப்பா பூரித்துப்போனாள். "மனசு ரொம்ப வலிச்சிருக்குமே" என்று கேட்க வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். பதிலைக் கேள்விக்குள் திணிக்கக் கூடாது. "அப்புறம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால், மௌனம் தாங்காமல் அவர்களே கொட்டிவிடுவார்கள்.

சின்ன அண்ணியும் கொட்டினாள், ரிக்கார்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு. அவளுக்கும் கோபமில்லையாம். அவளும் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

இந்தப் பக்கம் கோபமில்லை, அந்தப் பக்கமும் கோபமில்லை. நடுவில் தான் ஒருத்தி வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? பாப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வாயடிக்கும் மனிதர், அவர் வாயில் எதுவும் தங்காது என்பது அவள் கணிப்பு. அதனால் அண்ணிகள் பேச்சை எடுக்காமல், தொழிலில் ஒரு சிக்கல், ஒரு சத்தியம் குறுக்கே நிற்கிறது என்று மட்டும் சொன்னாள்.

"சத்தியம் பண்ணிட்டேன்னா விட்டுடேன்," என்றார்.

அவருக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுபடி இரண்டு வீட்டுக்கும் நடந்தாள். சொன்னதைப் பதிவு செய்ய அனுமதி கேட்டாள். இன்னொரு முறை கேட்டால் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்துவிடுவதாகப் பெரிய அண்ணி மிரட்டினாள். சின்ன அண்ணி வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டாள்.

பாப்பா ஒரு வழி கண்டுபிடித்தாள். யார் என்று சொல்லாமல் சொன்னால் சத்தியம் உடைந்ததாகாது. மிக்ஸி மூடியை இஸ்திரிப் பெட்டி ஆக்கினாள். இரண்டு தெருவை இரண்டு ஊர் ஆக்கினாள். 'ஒரு வீட்டு மருமகள்கள் இரண்டு பேருக்கும் மனதில் கோபமே இல்லை, சொல்லத்தான் தயக்கம்' என்று தன் குரலிலேயே தழுதழுத்து முடித்து, வெளியிட்டும் விட்டாள்.

பெரிய அண்ணன் சவரம் செய்துகொண்டே அதைக் கேட்டார். பாதிக் கன்னத்தில் நுரையோடு தம்பி வீட்டுக்கு ஓடினார். இஸ்திரிப் பெட்டி என்று சொல்லிவிட்டால் தனக்குத் தெரியாதா என்று தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதார். தம்பியும் அழுதார், அவர் சட்டையெல்லாம் நுரை. செய்தி வந்ததும் பாப்பாவும் நன்றாக அழுதாள். சத்தியம் மீறிய உறுத்தல் அந்த அழுகையில் கரைந்துபோயிற்று.

அண்ணன்கள் அதோடு நிற்கவில்லை. ஒரு பெரிய வீடாகப் பார்த்து முடித்துவிட்டார்கள். ஒரே வீடு, ஒரே சமையலறை. சாமான் ஏற்ற லாரிக்கும் சொல்லியாயிற்று.

அப்போது பெரிய அண்ணியிடமிருந்து போன் வந்தது. "ரொம்ப நல்ல காரியம் பண்ணினே பாப்பா," என்றாள். வைத்துவிட்டாள். சிறிது நேரத்தில் சின்ன அண்ணியும் கூப்பிட்டு அதே வார்த்தைகளை, அதே வறண்ட குரலில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பாப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நேரே கணவரின் கடைக்குப் போய், சத்தியம் முதல் லாரி வரை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"கோபமே இல்லைன்னு அவங்கதானே சொன்னாங்க? ஒண்ணு சேர்த்து வச்சா சந்தோஷப்பட வேண்டாமா?"

துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியை அவர் கீழே வைத்தார். எழுந்து, கடைக்குப் பின்னாலிருந்த சின்ன அறைக்குள் போனார். திரும்பி வந்து, பழைய மிக்ஸி மூடி ஒன்றை மேஜைமேல் வைத்தார்.

"தனிக்குடித்தனம் போகணும்னு ரெண்டு பேரும் சேர்ந்துதான் இதை ஒளிச்சு வச்சாங்க. இன்னிக்கு வரைக்கும் வாராவாரம் இந்த ரூம்ல உட்கார்ந்து பேசிச் சிரிச்சுட்டுத்தான் போறாங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சத்தியம் வாங்கினாங்க, அதான் நான் உன்கிட்டகூடச் சொல்லல."