வராததைத் தடுப்பது சிகிச்சை ஆகாது

கத்தரியார் அன்று ஆபீஸில் ஒரு மாபெரும் காரியம் செய்துவிட்டு வீடு திரும்பினார். சொந்தப் பெண்டாட்டியின் மனுவைத் தன் கையாலேயே நிராகரித்திருந்தார்.

வேறு ஆளாக இருந்தால் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பூனை மாதிரி உள்ளே வந்திருப்பான். கத்தரியார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வாசலிலேயே ஒரு செருமல் செருமிவிட்டு வந்தார்.

அவர் வேலை பார்த்தது மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனியில். ஆஸ்பத்திரி பில்லோடு வருகிறவர்களுக்குப் பணம் தரலாமா கூடாதா என்று பார்க்கிற பிரிவு. அவர் பார்த்தால் கூடாதுதான். கால் முறிந்து வந்தவரின் பில்லை 'எந்தக் கால் என்று தெளிவாக இல்லை' என்று எழுதித் திருப்பியவர். அந்த ஆள் மாவுக்கட்டோடு நேரிலேயே வந்து நின்றார். 'கட்டுக்குள் கால் இருப்பதற்கு என்ன ஆதாரம்' என்று கேட்டார் கத்தரியார். அன்றைக்கு வைத்த பெயர்தான் கத்தரி. மரியாதைக்காக 'யார்' சேர்த்தது மேனேஜர்.

மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறவள். ரோட்டில் எல்லாரும் அவளை டிரைவரம்மா என்பார்கள். வீட்டில் ஸ்டியரிங் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஏங்க, என் மனு என்னாச்சு?"

"ரிஜெக்ட்."

"யாரு பண்ணது?"

"ஐயாதான்."

சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. அந்த நிசப்தத்தைக் கத்தரியார் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

"மனைவின்னு பாக்கல, மனுன்னுதான் பாத்தேன். மேனேஜர் எழுந்து வந்து கை குடுத்தார் தெரியுமா? 'கத்தரியாரே, உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா கம்பெனி யாருக்குமே பணம் தர வேண்டியிருக்காது'ன்னார்."

டிரைவரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ரெண்டாவது பிரசவத்துல எனக்கு பிரஷர் எகிறி, வலிப்பு வந்து, கண்ணு முழிக்காம கிடந்தேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"இன்னொண்ணு வேண்டாம்னாங்க."

"வேண்டாம்னு மட்டுமா சொன்னாங்க? 'இன்னொண்ணு தங்கினா உங்களைக் காப்பாத்துவேன்னு என்னால வாக்கு குடுக்க முடியாதும்மா'ன்னாங்க. மாத்திரை எனக்கு ஒத்துக்கல. உள்ள வைக்கிற கருத்தடைச் சாதனம் ஒண்ணு இருக்கு, வருஷக்கணக்கா தாங்கும்னாங்க. அதுக்குத்தான் மனு போட்டேன். என்ன காரணம் எழுதி விட்டெறிஞ்சீங்க?"

கத்தரியார் கண்ணை மூடிக்கொண்டு, மேடையில் நிற்கிற மாதிரி ஒப்பித்தார். "'வராததைத் தடுப்பது சிகிச்சை ஆகாது.' சொந்தச் சரக்கு. மேனேஜர் இதை விதியாவே சேர்த்துட்டார். அவர் கையெழுத்துப் போட்டுத் தலைமை ஆபீஸுக்கு அனுப்பினா அதான் சட்டம். இனிமே எவன் எதைத் தடுக்கணும்னு வந்தாலும் இந்த ஒரே வரிதான்."

"சரி. வந்தா குடுப்பீங்களா?"

"வந்தா தாராளமா. பிரசவமா, குடுப்போம். ஆபத்தான பிரசவமா, அதுக்கும் குடுப்போம். தீவிர சிகிச்சைப் பிரிவா, கணக்கே பாக்க மாட்டோம்."

"நான் செத்தா?"

"அது ஆயுள் காப்பீடு. பக்கத்துக் கட்டடம்."

சொல்லி முடித்த பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்கே பட்டது.

"ஆம்பளைங்களுக்கு வீரிய மாத்திரை?" டிரைவரம்மாவின் குரல் இறங்கிக்கொண்டே போனது. பஸ்ஸை முதல் கியருக்குக் கொண்டுவந்துவிட்டாள் என்று அர்த்தம்.

"அது வந்து... அது குறைபாடு. குறைபாடுன்னா நோய். நோய்னா கவரேஜ்."

"தீப்பெட்டிக்குக் காசு குடுப்பீங்க. பக்கத்துல ஒரு வாளி தண்ணி வைக்கணும்னா அது சிகிச்சை இல்ல. நல்லா இருக்கே உங்க சட்டம். ஏங்க, நான் பஸ்ஸுல பிரேக்குன்னு ஒண்ணு வெச்சிருக்கேனே, அது எதுக்கு? இன்னும் இடிக்கவே இல்லையே? வராததைத்தானே தடுக்குது? கழட்டிடவா?"

"எமோஷனலா பேசாத. வேணும்னா கைக்காசு போட்டு வாங்கிக்க."

"மாசாமாசம் குடும்பத்துக்கும் சேர்த்துக் காப்பீடுன்னு உங்க சம்பளத்துல புடிக்கிறாங்களே, அது யாரு காசு? உங்க தாத்தா காசா? நான் வாங்கிக்குவேன். என் டிப்போவுல பஸ் கழுவுற அக்கா எங்க போவா? அவ புருஷனும் உங்க கம்பெனியிலதான் வாட்ச்மேன். அவளும் மனு போட்டிருந்தா. அதுவும் உங்க கத்தரிக்குத்தானே போயிருக்கும்?"

கத்தரியார் தலையைத் திருப்பினார். திருப்பிய பக்கத்தில் அவர் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

"டேய், நான் ஏழு பெத்தவ. எனக்கு மட்டும் அந்தக் காலத்துல இது கிடைச்சிருந்தா ஆறோட நிறுத்தியிருப்பேன்."

"நல்லதுதானேம்மா."

"நீதான்டா ஏழாவது."

அன்றைக்குச் சாப்பாட்டில் யாரும் உப்பைக் குறைக்கவில்லை. ஆனால் தட்டு வந்து விழுந்த வேகத்தில் குழம்பு தெறித்துச் சட்டைக்கு அரை விரல் தள்ளி விழுந்தது. மேலே போட்டுக்கொள்ளத் துண்டு கேட்டார். "கறை வந்தப்புறம் கேளுங்க, துவைச்சுத் தரேன்" என்று பதில் வந்தது.

மறுநாளிலிருந்து விதி வீட்டுக்குள் அமலுக்கு வந்தது.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. கத்தரியார் குடையைத் தேடினார். "இன்னும் நனையலையே" என்றாள் டிரைவரம்மா. நனைந்தார். ஸ்கூட்டரை எடுத்தால் ஹெல்மெட்டைக் காணோம். "இன்னும் விழலையே" என்றார் அம்மா. ஸ்கூட்டரைப் பூட்ட பூட்டு இல்லை. பால் பாத்திரத்துக்கு மூடி இல்லை, பக்கத்து வீட்டுப் பூனை வந்து வயிறாரக் குடித்துவிட்டு நன்றிகூடச் சொல்லாமல் போனது. ராத்திரி படுக்கப் போனால் அறைக்கதவு உள்ளே தாழ்.

"ஏய், கதவைத் திற."

"இது தடுப்புங்க. மருந்து இல்ல, மாத்திரை இல்ல, உங்க கம்பெனிக்குப் பைசா செலவில்ல. மேனேஜர் கேட்டா எழுந்து வந்து கை குடுப்பார்."

"கொசுவலையாவது குடு."

"ஏங்க, கடிச்சுடுச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப தூங்குங்க."

ஹால் சோபாவில் கத்தரியார் சுருண்டார். வேட்டியால் உடம்பை மூடினால் கொசு மூஞ்சியைக் கடித்தது, மூஞ்சியை மூடினால் மூச்சு முட்டியது. தும்மினார், சொறிந்தார். சொறிந்துகொண்டே ஆத்திரப்பட்டார். ஊருக்கெல்லாம் இல்லை என்று சொல்கிறவனுக்கு ஒரு போர்வை இல்லையா? அவளை மடக்குகிறேனா இல்லையா பார். கத்தரியிடமே வாலாட்டுகிறாளா?

விடியும்போது மூஞ்சி முழுக்கத் தடிப்பு. தடிப்புகளுக்கு நடுவே ஒரு யோசனை.

ஆபீஸுக்கு ஓடினார். "சார், கருத்தடைக்குக் கவரேஜ் குடுத்துடுவோம்" என்றார்.

மேனேஜர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "கத்தரியாரே, காய்ச்சலா?"

"முழுசாக் கேளுங்க சார். 'கருத்தடைக்கு முழுக் காப்பீடு உண்டு'ன்னு பெரிய எழுத்துல போடுவோம். அதுக்குக் கீழ, 'பணியாளர் தம் சொந்த உடலில் செய்துகொள்வதற்கு மட்டும்'னு பொடி எழுத்துல போடுவோம். நம்ம கம்பெனியில பணியாளர் யாரு? எல்லாம் ஆம்பளைங்க. எந்த ஆம்பளை சார் போய்ப் பண்ணிக்குவான்?"

மேனேஜர் சிரித்த சிரிப்பில் மேஜை மேலிருந்த தண்ணீர் ஆடியது. "பேரு நமக்கு, பைசா செலவில்ல. யோவ், உம்ம மூளையைக் காப்பீடு பண்ணணும்யா. விதியை எழுதும், நாளைக்கு நானே எடுத்துட்டுப் போய்த் தலைமை ஆபீஸ்ல குடுத்துடறேன்."

சாயங்காலம் கத்தரியார் விதியின் நகலை ஆட்டிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தார். "உனக்காக ஆபீஸ்ல சண்டை போட்டேன்" என்று ஆரம்பித்து, போடாத சண்டையை அடி அடியாக வர்ணித்தார். டிரைவரம்மா பெரிய எழுத்தைப் படித்தாள். பிறகு பொடி எழுத்தையும் படித்தாள். ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடியில் பார்ப்பாளே, அப்படி ஒரு பார்வை பார்த்தாள்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க" என்றாள்.

கொசுவலை திரும்பி வந்தது. குடை வந்தது. அறைக்கதவு மட்டும் தாழ்தான். "நாளைக்குப் பேசிக்கலாம்" என்றாள் உள்ளேயிருந்து. யாருக்கோ போன் போடுகிற சத்தம் கேட்டது. "டீச்சர், நாந்தான்" என்று ஆரம்பித்தாள். மேனேஜருடைய சம்சாரம் ஒரு பள்ளிக்கூட டீச்சர், தினமும் இவள் பஸ்ஸில்தான் போவாள். பொம்பளைங்க பேச்சு என்று கத்தரியார் நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில், "ஏங்க, இன்னைக்கு என் பஸ்லயே வாங்களேன்" என்றாள். கத்தரியார் குளிர்ந்துபோனார். முதல் சீட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்தார். பஸ் ஆபீஸ் நிறுத்தத்தைத் தாண்டியது.

"ஏய், என் ஸ்டாப் போயிடுச்சு."

"ஓட்டும்போது டிரைவர்கிட்ட பேசாதீங்கன்னு தலைக்கு மேல எழுதியிருக்கு, படிங்க. எழுதினா மதிக்கணும். உங்களுக்குத் தெரியாததா?"

ஓர் ஆஸ்பத்திரியின் பின்வாசலில் பஸ் நின்றது.

"இறங்குங்க. உள்ள உங்களுக்கு நேரம் வாங்கி வெச்சிருக்கேன்."

"எனக்கா? எதுக்கு?"

"பணியாளர் சொந்த உடம்புல பண்ணிக்கிட்டா முழுக் கவரேஜுன்னு எழுதினது யாரு? முதல்ல அனுபவிக்கிறது நீங்களா இருந்தாத்தானே மரியாதை?"

கத்தரியார் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "சார், சட்டுனு இறங்குங்க சார், வேலைக்கு லேட்டாகுது." இன்னொரு குரல்: "பயப்படாதீங்க சார், எங்க சித்தப்பா பண்ணிக்கிட்டு மறுநாளே கபடி ஆடினார்." பஸ்ஸே சிரித்தது. மானம் தள்ளியது, கத்தரியார் இறங்கினார்.

உள்ளே காத்திருக்கும் பெஞ்சில் ஒரே ஒரு ஆள்தான். மடியில் விதி இருந்த ஃபைல். மூஞ்சியில் ரத்தமில்லை.

"சார், நீங்களுமா?"

"தலைமை ஆபீஸுக்குத்தான்யா கிளம்பினேன். வழியில ஒரு வேலைன்னு கூட்டிட்டு வந்தா" என்றார் மேனேஜர்.

கதவை மறித்து நாற்காலி போட்டு டீச்சர் உட்கார்ந்திருந்தாள். மடியில் பரீட்சைத் தாள், கையில் சிவப்புப் பேனா.

அடுத்த அறையில் ஏதோ மெஷின் 'ஜ்ஜீ...' என்று ஓடியது. ஒரு ஆம்பளைக் குரல் 'ஆ... ஆ...' என்றது.

"அதுக்கு எதுக்குய்யா மெஷின்?" மேனேஜர் கத்தரியாரின் முழங்கையைப் பிடித்தார்.

"தெரியல சார். நவீன முறையா இருக்கும்."

கதவு திறந்தது. ஒரு ஆள் கர்ச்சீப்பை வாயில் அழுத்திக்கொண்டு, கண் கலங்கி, பேசாமல் போனான்.

"அழுகையை அடக்குறான் பாருங்க சார்."

"யோவ், உம்ம வாயை அடக்கும்."

டீச்சர் தலை நிமிராமல் பேசினாள். வகுப்பறைக் குரல். "உங்க விதிப்படி உங்க உடம்புக்கு மட்டும்தான் கவரேஜ். அதனால உங்க உடம்புதான் போகணும். எங்களுக்கும் சேர்த்துக் கவரேஜ்னு எழுதினா, யாரு உடம்புல என்ன பண்ணிக்கிறதுன்னு ரெண்டு பேரும் உக்காந்து பேசலாம். இத்தனை வருஷமா என் காசுல மாத்திரை வாங்கி முழுங்கிட்டு இருக்கேன். அந்த பஸ் டிரைவர் உசிரைக் கையில புடிச்சுக்கிட்டு இருக்கா. நீங்க ரெண்டு பேரும் பொடி எழுத்துல விளையாடுறீங்க. வெக்கமா இல்ல?"

அறைக்குள் மெஷின் மறுபடி 'ஜ்ஜீ...' என்றது.

"எழுதுய்யா" என்றார் மேனேஜர்.

கத்தரியார் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக எழுதியதில்லை. 'பணியாளர் தம் சொந்த உடலில்' என்பதை அடித்தார். 'பணியாளருக்கும் அவர் துணைக்கும், மருத்துவர் சொல்லும் எந்த முறைக்கும்' என்று எழுதினார். டீச்சர் வாங்கிப் பார்த்து, "நிராகரித்த பழைய மனுக்களுக்கும்னு சேருங்க" என்றாள். சேர்த்தார். "எழுத்துப் பெருசா." பெரிதாக்கினார். மேனேஜர் கையெழுத்துப் போட்டார். டீச்சர் போனில் படம் பிடித்து, அவர் கையாலேயே தலைமை ஆபீஸுக்கு அனுப்ப வைத்தாள். பிறகு நாற்காலியை ஒதுக்கினாள்.

கத்தரியார் பாய்ந்து எழுந்தார். அதே நேரத்தில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"பல் சுத்தம் பண்ண வந்தவங்க ரெண்டு பேரும் வாங்க."

"பல்லா?" என்றார் மேனேஜர்.

"பல் டாக்டர்கிட்ட வந்து வேற எதைச் சுத்தம் பண்றதாம்?"

டீச்சர் பரீட்சைத் தாளில் ஒரு பெரிய சுழி போட்டாள். கத்தரியாருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனால் வாயைத் திறக்கச் சொல்லி, திறந்த வாய்க்குள் மெஷினை விட்டுவிட்டார்கள், திட்டக்கூட முடியவில்லை. முடிந்ததும் கர்ச்சீப்பை வாயில் அழுத்திக்கொண்டு, கண் கலங்கி வெளியே வந்தார். போனது போச்சு, இதற்கான பணத்தையாவது கம்பெனியிடம் கறந்துவிடலாம் என்று கவுன்ட்டரில் தன் காப்பீட்டு அட்டையை நீட்டினார்.

கவுன்ட்டர் பெண் கம்ப்யூட்டரைத் தட்டினாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"சொத்தை வராம இருக்கத்தானே சார் சுத்தம் பண்ணோம்? வராததைத் தடுப்பது சிகிச்சை ஆகாதுன்னு உங்க கம்பெனியில எவனோ எழுதி வெச்சிருக்கான். ரொக்கமா, கார்டா?"