நிலவறை வெள்ளியும் நெத்திலிச் சம்பலும்

லண்டனில் ஒரு தெருவையே காலி செய்ய வைத்தவன் நான். துப்பாக்கியால் அல்ல, நெத்திலிச் சம்பலால். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் எங்கள் ஊர் கோலா சிலாங்கூரில் டீ குடிக்கும் யாராவது உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லும் கதையில் ஹெலிகாப்டரும் வரும்.

அப்போது எனக்கு நாற்பத்தைந்து தாண்டியிருந்தது. (புத்தி வரும் வயது என்பார்கள். வந்தது, வாசலில் நின்று எட்டிப் பார்த்தது, ஆள் சரியில்லை என்று போய்விட்டது.) அக்கா மகள் மாலதி லண்டனில் மருத்துவமனைத் தாதியாக இருக்கிறாள். "மாமா, ஒரு தடவ வந்துட்டுப் போங்க லா" என்று டிக்கெட்டும் அனுப்பிவிட்டாள். ஒரு நாற்காலியில் ஒழுங்காக உட்காரத் தெரியாத எனக்கு இது போதாதா? ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

 பெட்டி கட்டும்போது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தொர பங்களாவுல நான் தேச்ச மாரி ஒரு தேக்கரண்டி அங்க கெடைக்குமாடா?"

கல்யாணத்துக்கு முன்பு அம்மா ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பங்களாவில் வேலை பார்த்தவர். வெள்ளிச் சாமான்களைத் துலக்குவதுதான் வேலை. கரண்டியின் குழியில் தன் முகம் தலைகீழாகத் தெரிகிறவரை தேய்க்க வேண்டுமாம். தேய்த்த கரண்டியில் ஒரு நாளும் எதையும் கலக்கியதில்லை.

"கெடச்சா ஒன்னே ஒன்னு வாங்கிட்டு வா. சாவுறதுக்குள்ள அதுல ஒரு டீ கலக்கிக் குடிச்சிடணும்."

என் அம்மா வாழ்க்கையில் என்னிடம் கேட்ட ஒரே பொருள் அது. அதைக்கூட வாங்கிவர முடியாதவனா நான் என்று மார்பைத் தட்டிக்கொண்டு விமானம் ஏறினேன்.

மாலதிக்குப் பழைய வெள்ளிக்கென்றே ஒரு சந்தை இருப்பது தெரிந்திருந்தது. ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய நாள் மாலை அழைத்துப் போனாள். பூமிக்கு அடியில், படி இறங்கி இறங்கிப் போக வேண்டும். பணக்காரர்கள் தங்கள் பண்டங்களைப் பூட்டி வைப்பதற்காக எந்தக் காலத்திலோ கட்டிய நிலவறையாம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு முழம் கனத்தில் இரும்புக் கதவு. உள்ளே எட்டிப் பார்த்தேன். தட்டுகள், கூஜாக்கள், குத்துவிளக்கின் தூரத்து உறவு போன்ற மெழுகுவர்த்தித் தண்டுகள். எங்கள் ரப்பர் மரங்களில் வடிந்த பாலெல்லாம் கடல் தாண்டி வந்து, இந்தக் குகைக்குள் வெள்ளியாக உறைந்து கிடப்பதுபோல் இருந்தது.

"மாமா, வாயத் தொறக்காதீங்க. நான் பேசிக்கிறேன்" என்றாள் மாலதி. விலை விசாரிக்க அவள் முன்னால் போனாள்.

அங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். சப்பாத்தைக் கழற்றினேன்.

யாரும் கழற்றச் சொல்லவில்லை. அறிவிப்புப் பலகை இல்லை. அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் கை தானாகக் கீழே போய்க் கயிற்றை அவிழ்த்தது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நம்மூர்க் கோயில் திருவிழாவுக்குப் போகிறவன் சப்பாத்தை அப்படியே வாசலில் விடுவானா? திரும்பி வரும்போது வேறு யாரோ ஒருவருடைய காலில் அது வீட்டுக்குப் போயிருக்கும். எனவே முறைப்படி, கையிலிருந்த கறுப்புப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, முடிச்சுப் போட்டு, மாடிப்படித் தூணுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் ஒளித்துவைத்தேன்.

பையில் ஏற்கெனவே ஒரு பிஸ்கட் டின் இருந்தது. ஜெராம் கடற்கரை நெத்திலியில் அக்கா மிளகாய் அரைத்துச் செய்து கொடுத்த சம்பல், அன்றிரவு மாலதியின் தோழிக்குக் கொடுப்பதற்காக. எண்ணெய் கசியாமலிருக்க டின்னைச் சுற்றிக் கறுப்பு வயர் டேப்பை அக்கா வீட்டுக்காரர் மச்சான் இறுக்கி ஒட்டியிருந்தார். மச்சான் எலக்ட்ரீஷியன். டேப் போதாதென்று மேலே இரண்டு சுற்று வயரும் கட்டியிருந்தார்.

நிம்மதியாகக் கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் நரைத்த மீசையும் கோட்டுமாக ஒரு பெரியவர். என் முகத்தைப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார். வலது காலுறையின் ஓட்டை வழியாக என் கட்டைவிரல் அவரைப் பார்த்தது. வெள்ளைக்காரர் நாகரிகம் என்றால் அதுதான், முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஒரு தேக்கரண்டியை எடுத்து என் கையில் வைத்தார். குழியில் என் முகம் தலைகீழாகத் தெரிந்தது. இதேதான். அம்மா சொன்ன அதேதான்.

வாயைத் திறக்கக் கூடாது என்பதை மறந்துவிட்டேன். "இன்னைக்கு கிராம் என்ன வெல? செய்கூலி தனியா?" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் கேட்டேன்.

"ஐயா, இதற்கு நாங்கள் எடை பார்ப்பதில்லை. வயதைத்தான் பார்ப்போம்" என்றார் அவர்.

"மாமா!" என்று பல்லைக் கடித்தாள் மாலதி.

அந்த நிமிடம் மணி அடித்தது. மணி என்றா சொன்னேன்? பாதாளமே ஊளையிட்டது. காவலர்கள் ஓடிவந்து எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். பெரியவர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கரண்டியை மென்மையாக எடுத்துக்கொண்டார். "மன்னிக்க வேண்டும்" என்று வேறு சொன்னார். இரும்புக் கதவு மூடிக்கொண்டது.

தெருவில் மழைத் தூறல். ஈரக் கல் தரையில் காலுறையோடு நின்றேன். போலீஸ் வண்டிகள் வந்தபடி இருந்தன. "எந்தப் படுபாவி குண்டு வச்சானோ" என்று நான் அங்கலாய்த்தபோதுதான் மாலதி என் காலைக் கவனித்தாள்.

"மாமா, சப்பாத்து எங்க?"

"பத்திரமா இருக்கு. பையில."

"எந்தப் பையில?"

"கறுப்புப் பை. தூணுக்குப் பின்னால. யாரும் எடுக்க முடியாது."

அவள் முகம் வெளுத்துப் போனதை நான் பார்த்தேன். அதன்பிறகு அவள் பேசியது மூன்றே வார்த்தை. "பேசாம வாங்க மாமா."

நாங்களாகப் போய்ச் சொன்னதால் அடி விழவில்லை. தலைக்கவசம் போட்ட ஒருவர் டின்னைத் திறந்தார். ஜெராம் கடற்கரையின் மொத்த மணமும் அந்தத் தெருவில் எழுந்தது. அவர் தும்மிய தும்மலில் பக்கத்தில் நின்றவர்கள் தரையோடு குனிந்தார்கள். ஓர் இளம் அதிகாரி பொறுமையாகக் கேட்டார், "சப்பாத்தை ஏன் கழற்றினீர்கள்?"

"மரியாதைக்காக."

"யாருக்கு?"

சுற்றிலும் பார்த்தேன். யாரைக் காட்டுவது? "கரண்டிக்கு" என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு மாலதியைப் பார்த்தார், 'வீட்டில் ஜாக்கிரதையாக வைத்துக்கொள்ளுங்கள்' என்பது போல. எச்சரித்து அனுப்பினார்கள். அன்று சந்தை திறக்கவில்லை. மறுநாள் காலை எனக்கு விமானம்.

வெறுங்கையோடு வீடு வந்தேன். மாலதி அதற்குள் அக்காவிடம் சொல்லி, அக்கா மச்சானிடம் சொல்லி, கூடம் நிறைய ஆள்.

"என் டேப்பு லண்டன் போலீஸயே ஆட்டிருச்சு பாத்தியா!" என்று மச்சான் தொடையைத் தட்டினார். எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. கரண்டி வராத கோபம் என்று நினைத்தேன்.

"அத வுடு. ஏன்டா கழட்டுன?"

"வெள்ளி லட்சுமி இல்லையாம்மா..."

"பொய் சொல்லாத. கிள்ளான் நகைக்கடையில ஒன் பொண்டாட்டிக்குக் கொலுசு வாங்குனப்ப சப்பாத்தோடதான நின்ன? அது வெள்ளி இல்லையா?"

கூடத்தில் சிரிப்பு அடங்கியது.

"பங்களாப் பின்படியிலயே சிலிப்பர கழட்டிட்டு, கால கழுவிட்டுத்தான் நான் அந்தச் சாமானத் தொடணும். தொர நாயி சேத்துக் காலோட உள்ள போவும். நீ பொறக்கறதுக்கு முன்னாடியே அந்த வேலய வுட்டுட்டேன். ஒன்கிட்ட இத ஒரு நாளும் சொன்னதில்ல. அப்புறம் ஒனக்கு எப்படிடா வந்துச்சு?"

குனிந்து என் காலையே பார்த்தேன்.

ஒரு வாரம் கழித்து மாலதி போன் செய்தாள். அதே கரண்டியை வாங்கித் தபாலில் அனுப்புவதாகச் சொன்னாள். அம்மா போனை வாங்கி, "வேணாம்மா. எனக்கு ஆச வுட்டுப்போச்சு" என்றார். குரலில் வருத்தம் இல்லை. வருத்தம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், எந்தக் கடை வாசலில் நின்றாலும், குடும்பத்தில் ஒரு வாண்டு கத்தும், "மாமா, சப்பாத்து பத்திரம்!" மச்சான் முதல் ஆளாகச் சிரிப்பார். போன மாதம் மழைநாளில் கோலா சிலாங்கூரில் ஓர் அலுவலகத்துக்கு அம்மாவை அழைத்துப் போனேன். கண்ணாடிக் கதவு, குளிர்ச்சாதனம், முகம் தெரியும் பளிங்குத் தரை. வாசலில் என் கால் ஒரு நொடி தயங்கியது. அதை அம்மா பார்த்துவிட்டார்.

என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். சேறு அப்பிய சிலிப்பர் சளக் சளக் என்று அடிக்க, நட்ட நடுத்தரையில் நடந்தார். முகப்பு மேசைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை.

"வாடா" என்றார் திரும்பாமலே. "போட்டுக்கிட்டே வா."