வேணும்னே வைத்த ஜிப்பு

வேணும்னே மனிதர் என்று ஓர் இனம் உண்டு, பார்த்திருக்கிறீர்களா? சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வந்துவிட்டு, கேட்டால் "இப்ப இதுதான் ஸ்டைல்" என்பாரே, அவரேதான். இந்த இனத்தில் பல வகை. அதிலும் பழைய ராட்சசப் படங்களைக் கிண்டல் செய்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் திகில் சிரிப்புப் படம் எடுக்கிறவர் இருக்கிறாரே, அவரை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. ஏன் என்கிறீர்களா? மற்ற படத்தில் தப்பு வந்தால் தப்பு. கிண்டல் படத்தில் தப்பு வந்தால் அதுவும் கிண்டல்! யோசித்துப் பாருங்கள், எவ்வளவு சௌகரியம்!

நம்ம ஆள் வார நாட்களில் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோனால் மட்டும் "வேணும்னே நிறுத்தினேன்" என்று சொல்லமாட்டார், உள்ளே ஆள் இருக்குமே. ஞாயிறு வந்தால் போதும், தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறிவிடுவார். அன்றைக்கு அவர் டைரக்டர். மனைவிதான் விஞ்ஞானி. மருந்துக் கடையில் வாரமெல்லாம் நின்று கால் வீங்கிப்போன மைத்துனன்தான் ஏரியிலிருந்து எழுந்து வரும் ராட்சசன். பழைய மெத்தையைக் கிழித்துத் தைத்து, பச்சைப் பெயிண்ட் அடித்த உடம்புக்குள் அவன் நுழைந்து, முதுகு ஜிப்பை அக்கா இழுத்து மூடிவிட்டால், பத்தே நிமிஷத்தில் உள்ளேயிருந்து சத்தம் வரும்.

"மாமா, மூச்சு முட்டுது மாமா!"

"அந்தக் குரல் நல்லாருக்கு மச்சான், அப்படியே மெயின்டெயின் பண்ணு!"

ராட்சசன் மிதித்து நொறுக்கவேண்டிய நகரம் முழுக்கச் செருப்பு டப்பா. எடுத்ததைப் போட்டுப் பார்த்தால், பத்து மாடிக் கட்டிடத்தின் நெற்றியில் 'சைஸ் எட்டு' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அவர் அசைந்து கொடுக்கவில்லை.

"வேணும்னேதான். பழைய படத்துல எல்லாம் இப்படித்தான் மாட்டிக்குவாங்க. அதைத்தான் ஓட்டுறோம்."

"எடுக்கும்போது சொல்லவே இல்லையே?"

"வேணும்னேதான் சொல்லலை."

இப்படிப்பட்டவரோடு என்னத்தைப் பேசுவது?

ஆனாலும் உள்ளுக்குள் அவருக்கு உதறல்தான். முன்பு எடுத்த இரண்டு படமும் வீட்டுச் சுவரைத் தாண்டவில்லை. இந்த மூன்றாவதும் எந்தத் தியேட்டரிலும் ஓடாவிட்டால் இனிக் கேமராவைத் தொடுவதில்லை என்று மனைவி அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். ஏழு தியேட்டர்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது மூலைத் தெருப் பழைய தியேட்டர் ஒன்றுதான். "போட்டுக் காட்டு. எனக்குச் சிரிப்பு வந்தா வெள்ளிக்கிழமை மத்தியான ஷோ உனக்கு" என்று அதன் முதலாளி சொல்லியிருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் சிரித்து, இருபது வருஷமாக அங்கே டிக்கெட் கிழிக்கிறவர்கூடப் பார்த்ததில்லை.

காலை பத்து மணிக்குக் காலி அரங்கில் படம் ஓடியது. முதலாளிக்குப் பக்கத்தில் டைரக்டர், அடுத்து மனைவி, மைத்துனன்.

"ராட்சசனுக்கு எதுக்குத் தம்பி முதுகுல ஜிப்பு?"

"வேணும்னே வெச்சதுண்ணே."

"கையில வாட்ச் கட்டியிருக்கே?"

"அதுவும் வேணும்னேதான்."

"அந்த விஞ்ஞானியம்மா என்ன, எதையோ பார்த்துப் படிக்கிற மாதிரியே பேசுது?"

"அது வேணும்..." என்று ஆரம்பித்தவர், மனைவி முறைத்த முறைப்பில் பாதியிலேயே விழுங்கிவிட்டார்.

மூன்று மாதம் மண்டையை உடைத்து எழுதிய ஜோக்குகள் எல்லாம் வரிசையாக வந்தன, வரிசையாகச் செத்தன. முதலாளி கொட்டாவி விட்டார். போச்சு, எல்லாம் போச்சு!

அப்போதுதான் ராட்சசன் விஞ்ஞானியைத் துரத்தும் காட்சி வந்தது. ஓடி வந்த ராட்சசன் ஈரத்தில் வழுக்கி, தண்ணீர்த் தொட்டியில் மோதி, மல்லாந்து விழுந்தான். அதோடு முடியவேண்டிய காட்சி முடியவில்லை. திரையில் டைரக்டரே தொப்பி பறக்க ஓடி வந்தார்.

"ஐயையோ மச்சான்! அடி பட்டுச்சாடா? உங்கக்கா என்னைக் கொன்னுடுவாளே!" என்று கதறிக்கொண்டே ராட்சசனின் தலையை மடியில் எடுத்து வைத்து, பச்சைக் கன்னத்தைத் தட்டினார்.

வெள்ளைக் கோட்டோடு விஞ்ஞானி பின்னால் வந்து நின்றாள். "கொல்லத்தான் போறேன்! முதல்ல ஜிப்பைத் திறங்க!"

அரங்கில் ஏதோ உடைந்த மாதிரி ஒரு சத்தம். முதலாளி சிரித்துக்கொண்டிருந்தார்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாற்காலி கிறீச்சிட, கண்ணில் தண்ணீர் வழிய வழிய.

"எப்படிப்பா யோசிச்சே இதை? வேணும்னே பண்ணதுதானே?"

டைரக்டரின் நாக்கு நுனியில் பதில் தயாராக இருந்தது. ஆனால் மைத்துனன் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவன் கண் திறக்கிறவரை பட்ட பாடு அவருக்கல்லவா தெரியும்? அதைப் போய் நாடகம் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

"இல்லண்ணே. நிஜமாவே விழுந்துட்டான். நான் நிஜமாவே பயந்துட்டேன். அந்தத் துண்டை வெட்ட மறந்துட்டேன். தப்புதான்."

மனைவி காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் இந்த ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்ததேயில்லை.

"அட, போப்பா!" என்றார் முதலாளி. "ஜிப்பை வேணும்னே வெச்சவன், வாட்சை வேணும்னே கட்டினவன், இதை மட்டும் மறந்துட்டானாம்! யார்கிட்ட கதை விடறே? வெள்ளிக்கிழமை ஷோ உனக்குத்தான்."

"சத்தியமாண்ணே, தெரியாமத்தான்..."

"நடிக்காதே!"

ஷோ கிடைத்துவிட்டது. சந்தோஷத்தில் குதிக்கவேண்டிய மனுஷர் தியேட்டர் வாசலில் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றார். மனைவி மெதுவாக அவர் கையைப் பிடித்தாள். "நான் நம்புறேங்க" என்றாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சுவரில் படத்தைக் கோணலாக மாட்டிவிட்டு, "இப்படி இருந்தாதான் பார்க்கிறவங்க நின்னு பார்ப்பாங்க" என்று வீட்டாரிடம் சாதித்தது யார்? வழி தவறி அரை மணி நேரம் வண்டியில் சுற்றிவிட்டு, "ஊரைச் சுத்திக் காட்டலாம்னுதான்" என்றது யார்? நான் பெயர் சொல்லவில்லை. ஆனால் உங்களுக்கும் ஒரு நாள் 'தப்புதான்' என்று மனசாரச் சொல்லத் தோன்றும். அதை நம்புவதற்கு நம்ம டைரக்டர் வீட்டில் ஒருத்தி மிச்சம் இருந்தாள்.

உங்கள் வீட்டில்?