நாலாயிரம் பேர் வந்த பிறந்தநாள்

நான் இதுவரை எந்த கிளப்புக்குள்ளும் காலெடுத்து வைத்ததில்லை. ஆனால் ஒரு கிளப்பை நடத்தியிருக்கிறேன். ஒரே ஒரு மாலை, ராசிபுரம் பக்கம், எங்கள் கோழிப்பண்ணையில்.

நாற்பது வயதாகப்போகிறது என்ற நினைப்பே எனக்கு அந்த வருடம் லேசாக மறை கழற்றிவிட்டது. அஸ்தம்பட்டியில் ஒரு பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருவதுதான் வாழ்க்கை. அந்தப் பயண நேரத்தில் கைப்பேசியைத் திறந்தால், பெங்களூரில் இருக்கும் கல்லூரித் தோழிகள் இருட்டுக்குள் ஊதா வெளிச்சத்தில் கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். எனக்கும் அப்படி ஒரு நாள் வேண்டும் என்று தோன்றிவிட்டது.

பண்ணையில் குஞ்சு வளர்க்கிற ஷெட் இரண்டு உண்டு. ஒன்று அப்போதுதான் காலியாகி, கழுவி, சுண்ணாம்பு அடித்துக் கிடந்தது. நீளமான, இருட்டான கூடம். கிளப்புக்கு வேறென்ன வேண்டும்? (வாசனையைப் பற்றி நான் யோசிக்கவில்லை.) என் வீட்டுக்காரர் தங்கராசு அதிகம் பேசாதவர். ஒன்றே ஒன்றுதான் சொன்னார். பக்கத்து ஷெட்டில் பத்து வாரக் குஞ்சுகள் நாலாயிரம் இருக்கின்றன, பக்கவாட்டுப் படுதாக்களை இறக்கியே வைக்க வேண்டும், பளிச் பளிச்சென்று வெளிச்சம் வெளியே போகவே கூடாது. நான் தலையாட்டினேன். வகுப்பில் நான் சொல்வதற்கு என் மாணவர்கள் ஆட்டுகிற அதே தலையாட்டல்.

ஏற்பாடுகளைச் சொன்னால் இன்றைக்கும் காது சூடாகிறது. வாசலில் கட்ட சிவப்பு வெல்வெட் கயிறு கிடைக்காததால், மாட்டுக் கயிற்றின் மேல் ரவிக்கைத் துணியைச் சுற்றித் தைத்தேன். உள்ளே வருகிறவர்களின் மணிக்கட்டில் முத்திரை குத்த வேண்டுமாம். என்னிடம் இருந்தது விடைத்தாளில் குத்துகிற ‘வெரி குட்’ முத்திரை மட்டும்தான். பன்னீர் சோடா மட்டும் கொடுக்கிற ‘பார்’ ஒன்று அமைத்து (இலவசம்தான்), அதன் மேல் தொங்கவிட அழகாக இருக்குமே என்று பக்கத்து ஷெட்டிலிருந்து இரண்டு நீல பல்புகளைக் கழற்றிக்கொண்டு வந்தேன். அவை எதற்கு அங்கே இருந்தன என்று கேட்கத் தோன்றவில்லை.

எல்லோரும் கறுப்பு உடையில் வரவேண்டும் என்று அழைப்பில் போட்டிருந்தேன். பள்ளி ஆசிரியைகள் ஆறு பேர் அப்படியே வந்தார்கள். என் மாமியார் கூப்பிட்டிருந்த சொந்தக்காரர்கள் நாற்பது பேர் பட்டுச்சேலை, வெள்ளை வேட்டியில், பூவும் பழமும் வைத்த தட்டோடு வந்து, மணிக்கட்டில் வெரி குட் வாங்கிக்கொண்டு, சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

டி.ஜே. நிவேதா. ஓமலூரில் மைக்செட் கடை வைத்திருப்பவரின் மகள், இருபத்து நாலு வயது. ஏழு மணிக்கு ஆரம்பித்தாள். அரை மணி நேரம் நானும் ஆறு ஆசிரியைகளும் ஆடினோம்; சொந்தக்காரர்கள் எங்களைக் கோயில் தேரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். வியர்த்துக் கொட்டியது. காற்று வரட்டும் என்று நானே போய் ஒரு பக்கத்துப் படுதாவைச் சுருட்டி மேலே ஏற்றினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மின்னல் மாதிரி வெட்டுகிற லைட்டைப் போடும்படி நிவேதாவிடம் சைகை காட்டினேன்.

முதலில் மழை என்றுதான் நினைத்தோம். தகரக் கூரையில் கல்மழை கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். தங்கராசு மட்டும் அதைக் கேட்ட மாத்திரத்தில் செருப்பை உதறிவிட்டு ஓடினார். நிவேதா பாட்டைச் சட்டென்று நிறுத்தினாள். அந்தத் திடீர் அமைதியில் பக்கத்து ஷெட்டின் இரைச்சல் இன்னும் கூடியது.

நாங்கள் கம்பிவலைக்கு வெளியே போய் நின்றபோது, உள்ளே இருட்டில் வெள்ளையாக ஏதோ மலைபோல் ஒரு மூலையில் ஏறிக்கொண்டிருந்தது. குஞ்சுகள். பயந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் மாட்டியது மூச்சு முட்டிச் செத்துவிடும். தங்கராசு முழங்கால் போட்டு அந்தக் குவியலைக் கைகளால் பிரித்துக்கொண்டிருந்தார். யாரோ கைப்பேசி வெளிச்சத்தைக் காட்ட, குவியல் எதிர்ப்பக்கம் பாய்ந்தது. வெள்ளை வெளிச்சம் வேண்டாம் என்றார். நீல பல்பைப் போடச் சொன்னார்.

“அது என்ற பார்ல தொங்குதுங்க” என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் இன்றைக்கு நிம்மதியாக இருந்திருப்பேன். நீல வெளிச்சத்தில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, இருட்டிவிட்டது என்று அப்படியே உட்கார்ந்துவிடும் என்பதை அவர் எனக்கல்ல, பக்கத்தில் வந்து நின்ற நிவேதாவுக்குச் சொன்னார்.

“அண்ணா, நீலம் எங்கிட்ட எட்டு இருக்குதுங்க” என்றாள் அவள்.

மறுகணம் சேலையும் வேட்டியும் கறுப்புச் சுடிதாரும் கலந்து ஓடின. வேதியியலும் கணக்கும் சொல்லிக்கொடுக்கிறவர்கள் ஒயர் இழுத்தோம். மாமியார் ஒரு விளக்கை இடுப்பில் குழந்தை மாதிரி தூக்கி வந்தார். நிவேதா எட்டு விளக்குகளையும் கூரையைப் பார்க்கத் திருப்பி, மெதுவாக, மிக மெதுவாக நீலத்தை ஏற்றினாள். பகலில் இங்கே ரேடியோ ஓடிக்கொண்டே இருக்குமா என்று கேட்டாள். ஓடும், குஞ்சுகளுக்கு அந்தச் சத்தம் பழக்கம் என்றதும், ஒரு சின்ன ஸ்பீக்கரில் தாழ்ந்த தாளம் ஒன்றை மட்டும் விட்டாள். தும்... தும்... தும்... ஒரே சீராக.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஒருமுறைகூடச் சரியாகச் சொன்னதில்லை. குவியல் கரைந்தது. ஷெட்டின் ஒரு கோடியில் குஞ்சுகள் உட்காரத் தொடங்கின. அந்த உட்காரல், ஏரியில் அலை போவதுபோல் மறுகோடி வரை போனது. நாலாயிரம் உயிர்களும் நீலமாகி அடங்கின. நடுவில் தங்கராசு, வெறுங்காலைத் தரையில் பரப்பிய உமியில் தேய்த்துத் தேய்த்து, ஒன்றையும் மிதிக்காமல், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நடந்தார். அவர் காலடி அந்தத் தாளத்தோடு சேர்ந்து விழுந்தது. அது அவருக்கே தெரியாது. கல்யாணமாகிப் பதினாறு வருடம். விளக்கு வைத்த பிறகு நான் அந்த ஷெட்டுப் பக்கம் வந்தது அன்றுதான். வந்திருந்த நாற்பத்தாறு பேரும் நானும் வலையைப் பிடித்தபடி நின்றோம்.

மாமியார்தான் காதருகே சொன்னார்: “சாமி, வானமே எறங்கி வந்து படுத்துக்கிட்டாப்பல இருக்குது.”

பதினோரு குஞ்சுகள் செத்துப்போயின. மறுநாள் காலையில் நானே குழி வெட்டினேன்.

ஆனால் அன்றிரவு கேக் இன்னும் வெட்டப்படாமல் இருந்தது. நீல வெளிச்சத்திலேயே, வலைக்கு வெளியே வைத்து வெட்டினேன். குஞ்சுகள் எழுந்துவிடக் கூடாதே என்று எல்லோரும் பிறந்தநாள் பாட்டைக் கிசுகிசுவென்று பாடினார்கள். கைதட்டல்கூட இரண்டு விரலால்தான்.

அது எங்கள் குடும்பத்தில் அப்படியே நின்றுவிட்டது. யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் பாட்டு கிசுகிசுப்புதான். போன மாதம் சேலத்தில் ஒரு ஹோட்டலின் மூன்றாவது மாடியில் நாத்தனார் பேத்திக்கு முதல் பிறந்தநாள். ஐம்பது பேர் சுற்றி நின்று காற்றுக்குரலில் பாடியதைப் பார்த்து மேலாளர் பதறிப்போய் வந்து, ஏதாவது துக்கச் செய்தியா என்று மெல்லக் கேட்டார்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்றார் தங்கராசு, முகத்தில் சிரிப்பே இல்லாமல். “கோழி தூங்குது.”