மூக்குக்குப் போனவள் மோவாயையும் கேட்டாள்

உலகத்தில் ஓர் இனம் உண்டு. ஒரு வேலையை ஒரு வேலையோடு விடத் தெரியாத இனம். சுவரில் ஆணி அடிக்க ஏறினால் சுவருக்கே வெள்ளையடித்துவிட்டுத்தான் இறங்கும். குழாய்க்கு வாஷர் மாற்றக் குனிந்தால் தொட்டியையே பெயர்த்துப் போடும். பல் கூசுகிறது என்று போய், பல் செட்டோடு திரும்பி வரும். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்: "கையோட கையா முடிச்சிட்டேன்." உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருப்பார். இல்லவே இல்லை என்கிறீர்களா? அதைக் கடைசியில் பேசிக்கொள்வோம்.

நான் சொல்லும் தையல்காரியின் பட்டப்பேரை அவளுடைய ஓரகத்தி, அதாவது கொழுந்தன் பெண்டாட்டி, முதன்முதலில் கேட்டது, கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த வாரத்தில். "சட்டையில ஒரு பட்டன் போயிடுச்சு. உங்க அண்ணிகிட்டக் குடுக்கவா?" என்று கேட்டாள். புதுப் புருஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"யாரு, கையோடகைகிட்டயா? பட்டன் இல்லாமலே போட்டுக்கோ. சட்டையாவது உயிரோட இருக்கும்."

புதுப் பெண்டாட்டி எந்தக் காலத்தில் புருஷன் பேச்சைக் கேட்டாள்? கொடுத்தாள். சட்டை திரும்பி வந்தது. பட்டன் இருந்தது. கை இல்லை.

"தோள்ல தையல் இழுத்துக்கிட்டு இருந்துச்சுடி, பிரிச்சேன். பிரிச்சதுதான் பிரிச்சோம், கையோட கையா ரெண்டு கையையும் எடுத்துட்டேன். காத்தாட இருக்கும், போட்டுப் பாரு."

அன்றைக்கே சின்னவளுக்குப் புரிந்துவிட்டது, இந்த அக்காவைத் தனியாக விடக்கூடாது என்று. மருந்துக் கடைக்கும் பூட்டுக் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்த அந்தத் தையல் கடையில், பெரியவளின் மெஷினுக்கு எதிரே தனக்கும் ஒரு மெஷின் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

இனி மூக்குக்கு வருவோம். பெரியவளின் அப்பா வழியில் அது பரம்பரைச் சொத்து. பெரிய அத்தைக்கு நடுவில் மேடு, சின்ன அத்தைக்கு நுனியில் வளைவு, சித்தப்பாவுக்கு இரண்டும். இவளுக்கு இரண்டும் போதாதென்று, சிறு வயதில் ஊஞ்சல் பலகை வந்து மோதி உள்ளேயும் கோணலாக்கிவிட்டது. ஒரு துவாரம் எப்போதும் அடைப்பு, இன்னொன்று மனசு வைத்தால் திறக்கும். மூச்செல்லாம் வாய் வழியாகத்தான். வேறு யாராவது என்றால் குறட்டையோடு போயிருக்கும். இவளோ குண்டூசிகளை உதட்டில் வரிசையாகக் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்துகிறவள். ஊசியும் வாயில், மூச்சும் வாயில். யோசித்துப் பாருங்கள்! ஒருநாள் இழுத்த மூச்சோடு ஒரு குண்டூசியும் உள்ளே கிளம்பிவிட்டது. நல்லவேளை, நாக்கோடு நின்றது. அன்றிலிருந்து சின்னவள் தான் தைக்கும் துணியைப் பார்ப்பதே இல்லை. அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டு கோணல் கோணலாகத் தைத்தாள்.

"ஊசிய மேசைமேல வைங்களேன்க்கா."

"வாயில ஊசி இல்லேன்னா எனக்குக் கையே ஓடாதுடி."

கடைசியில் சின்னவள்தான் அவளை இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனாள். அவர் நல்ல மனுஷி. டார்ச் அடித்துப் பார்த்து, "உள்தண்டு வளைஞ்சிருக்கு. நேராக்கிட்டா மூச்சு தாராளமா வரும். மேல இருக்கிற மேட்டையும் அப்பவே சரி பண்ணலாம்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். எல்லாவற்றையும் எடுத்துச் சொல்வதுதானே முறை என்று மேலும் சொன்னார்: "மோவாய் உள்ள தள்ளியிருந்தா மூக்கு இன்னும் பெருசாத் தெரியும். அதனால சில பேர் ரெண்டையும் சேர்த்தே செஞ்சுக்குவாங்க. ஒரே மயக்கம், ஒரே ஓய்வு."

'ஒரே' என்ற சொல்லை இந்த இனத்தின் காதில் போடலாமா? பெரியவளின் கண்ணில் விளக்கு எரிந்தது.

"மயக்க மருந்து குடுக்குறதுதான் குடுக்குறீங்க..."

சின்னவள் முழங்கையால் இடித்தாள். பலனில்லை. மோவாய் சேர்ந்தது. அதற்குத் தனியாகப் படம் எடுக்க வேண்டுமென்று தேதி தள்ளிப்போனது. அடுத்த தடவை தொங்கும் இமையைக் காட்டினாள், தேதி மறுபடி தள்ளிப்போனது. அப்புறம் கன்னம், அப்புறம் நெற்றி, அதற்கும் அப்புறம் காது. "கண்ணுக்குப் பக்கத்துலதானே காது? தூரமா என்ன?" என்றாள். "மயக்கத்துல இருக்குற நேரம் கூடக்கூட உடம்புக்குச் சிரமம்மா. வீக்கமும் சீக்கிரத்துல வடியாது. நல்லா யோசிச்சுட்டு வாங்க" என்று டாக்டரம்மா அனுப்பிவிட்டார். பெரியவளின் புருஷன் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "வீடு திரும்புறப்ப அடையாளத்துக்கு ஏதாவது ஒண்ண விட்டு வைக்கச் சொல்லு" என்றார். இத்தனைக்கும் நடுவே, எதற்காகப் போனார்களோ அந்த மூக்கு மட்டும் அடைத்தபடியே கிடந்தது.

பெரியவள் யோசித்தாள். எப்படி? கடையில், வாடிக்கையாளர்கள் போட்டுப் பார்க்கும் ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, துணியில் கோடு போடும் நீலச் சாக்கட்டியால் தன் முகத்திலேயே கோடு போட்டு. வாயில் வழக்கம்போல் குண்டூசிகள்.

"இங்க பிடிச்சு, இங்க ஏத்திட்டா..." என்று பல்லுக்கிடையில் பேசியவள், சட்டென்று மூச்சை இழுத்தாள். இரும ஆரம்பித்தாள். முகம் சிவந்து, கண் பிதுங்கியது. சின்னவள் மெஷினைத் தாண்டிப் பாய்ந்து முதுகில் ஓங்கி அடித்தாள். குண்டூசிகள் கலகலவென்று தரையில் கொட்டின.

சின்னவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேசைமேல் வைத்தாள். பிறகு சின்னவள் வெடித்தாள்.

"துணின்னா உள்ள ரெண்டு விரல் மடிச்சு விடுவீங்க. தப்பாப் போனா பிரிச்சு விட்டுக்கலாம். இந்த மூஞ்சியில உள்ள எவ்வளவுக்கா விட்டிருக்கு?"

பெரியவள் நிஜமாகவே தன் கன்னத்தைக் கிள்ளி, மடித்து, விரலால் அளந்து பார்த்தாள். ஒன்றும் விட்டிருக்கவில்லை. ஈரத்துணியை எடுத்து நெற்றியைத் துடைத்தாள், இமையைத் துடைத்தாள், கன்னத்தையும் காதையும் துடைத்தாள். மூக்கிலும் மோவாயிலும் கோடு அப்படியே நின்றது.

"மோவாய்?"

"அது டாக்டரம்மாவே சொன்னதுடி!"

அந்த இரண்டோடு தேதி உறுதியானது. ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சின்னவளும் அவள் புருஷனும் காத்துக் கிடந்தார்கள். டாக்டரம்மா முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு வந்து, "ரெண்டும் நல்லபடியா முடிஞ்சுது" என்றார். சின்னவள் சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் மெல்ல நிமிர்ந்தாள்.

"கூட வந்ததுதான் வந்தேன் டாக்டர்... அக்கா வாயையே பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணுக்குக் கீழ பை விழுந்துடுச்சு. கையோட கையா..."

பக்கத்தில் நின்ற அவள் புருஷனுக்கு, பட்டன் போன அன்றைக்கு வெளுத்த மாதிரியே முகம் வெளுத்தது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் மூக்கைப் பற்றி ஏதோ சொல்கிறார்களே என்று இதைக் கையில் எடுத்த நீங்கள், இந்த வரிக்கு வருவதற்குள் ஒரு தடவையாவது உங்கள் மோவாயைத் தடவிப் பார்த்திருந்தால், உங்கள் வீட்டில் அந்த ஒருவர் நீங்கள்தான். அந்தத் தையல் கடைப் பக்கம் பட்டன் தைக்கப் போகாதீர்கள். இன்றைக்கு அங்கே தடுக்க ஆளில்லை. சின்னவள் கண்ணைக் காட்டப் போயிருக்கிறாள், எதிர் மெஷின் காலி.

பெரியவள் இப்போது கடையில் இருக்கிறாள், உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, மூக்கால் மூச்சு விட்டபடி.