மகாராணிக்குத் தலைவலி

ரத்தம் எடுக்காமல், ஊசி குத்தாமல், உடம்பில் எந்த வைட்டமின் எவ்வளவு என்று மூன்றே நிமிடத்தில் சொல்லிவிடுகிறாராம்! கேட்டதும் தெருவே திரண்டுவிட்டது. குழாயில் தண்ணீர் வரவில்லை, மனுக் கொடுக்கலாம் வாருங்கள் என்று கூப்பிட்டால் நாலு பேர் தேறாத தெரு அது. இப்போது மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை.

வாசலில் பத்தடித் தட்டி. அதில் வெள்ளைக் கோட்டோடு சிரிக்கிறார் 'சத்துச் சக்கரவர்த்தி'. டாக்டரா என்று கேட்டுவிடாதீர்கள். அவர் எங்கேயும் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. கோட்டு சொல்லிக்கொண்டால் அவர் என்ன செய்வார், பாவம்!

உள்ளே மேசைமேல் ஒரு பெட்டி. பெட்டியிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் நுனியில் பித்தளைத் தடி. தடியைக் கையில் பிடித்தால் பெட்டி 'பீப்' என்று கத்தும், கம்ப்யூட்டரில் சிவப்பும் பச்சையுமாகக் கோடுகள் ஓடும், அச்சடித்த சீட்டு வரும். சீட்டுக்குப் பின்னாலேயே சத்துப் பொடி டப்பா மூன்று வரும். சீட்டு மலிவு, டப்பாதான் விலை. 'உங்களுக்கு எல்லாம் சரியாக இருக்கிறது, போய் வாருங்கள்' என்று அந்தப் பெட்டி இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அவ்வளவு கண்டிப்பான பெட்டி!

அந்தத் தெருமுனையில் ஒரு தையல்கடை. கடைக்காரியை எல்லோரும் 'தையல்கடை அக்கா' என்பார்கள். அவளுடைய தம்பி பெண்டாட்டிதான் கடையில் பட்டனுக்குக் காஜா போடுகிறவள். கொஞ்ச நாளாக அவளுக்கு விரல் நுனி மரத்துப்போகிறது. ஊசி கையில் இருக்கிறதா, கீழே விழுந்துவிட்டதா என்றே தெரிவதில்லை. டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. லேபுக்கான பணத்தை அக்கா பட்டன் டப்பாவில் எடுத்துவைத்தும் மூன்று வாரம் ஆகிறது. போகவில்லை. ஏனாம்? ஊசிக்குப் பயமாம்! நாளெல்லாம் ஊசியோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு ஊசி என்றால் பயம். இதை எங்கே போய்ச் சொல்வது?

"அக்கா, மாடியில ஊசியே இல்லியாம். அந்தக் காசை அங்க குடுத்தா ரிசல்ட்டும் ஆச்சு, மருந்தும் ஆச்சு" என்றான் தம்பி.

"ரத்தமே எடுக்காம ரத்தத்துல இருக்கறது எப்படிடா தெரியும்?"

"அலைக்கா! கையிலேருந்து அலை போகுது."

"அலையா? சரி, மொதல்ல பாப்போம். பட்டன் டப்பாவை அப்புறம் தொறக்கலாம்."

தம்பி பெண்டாட்டி தடியைப் பிடித்தாள். சக்கரவர்த்தி கண்ணை மூடித் திறந்தார். "பி-பன்னெண்டு ததும்புதும்மா! அந்தக் கவலையே வேண்டாம். சி சுத்தமா இல்ல. டி பதினொண்ணு. மூணு டப்பா எடுத்துக்குங்க."

அக்காவுக்கு ஒரு தொழில் பழக்கம். இரண்டு தடவை அளக்காமல் கத்தரிக்கோலைத் தொடமாட்டாள். மதியம் அவளை மறுபடி அழைத்துப்போனாள். அதே கை, அதே தடி. டி முப்பத்தெட்டு!

"காலையில பதினொண்ணு, இப்ப முப்பத்தெட்டா?"

"பாத்தீங்களாம்மா! இந்த ரூம்ல கொஞ்ச நேரம் உக்காந்ததுக்கே ஏறியிருக்கு!"

கூட்டம் கைதட்டியது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரே இடுப்பு காலையில முப்பது, மதியம் நாப்பதுன்னு காட்டினா நான் டேப்பைத் தூக்கி எறிவேன். இவங்க என்னடான்னா இடுப்புக்குக் கைதட்டறாங்க!" என்று படியிறங்கும்போது அக்கா பொருமினாள். தம்பி காதில் வாங்கவில்லை. பி-பன்னிரண்டுதான் ததும்புகிறதே, லேப் எதற்கு, நாளைக்கே டப்பா வாங்கிவிடுகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். அவன் பெண்டாட்டியும் ஊசி தப்பிய சந்தோஷத்தில் தலையாட்டினாள்.

வாசலில் இன்னொரு தாள் ஒட்டியிருந்தது: 'நேரில் வர இயலாதவர்கள் எட்டு மணி நேரம் உடுத்திய துணியைக் கொடுத்தனுப்பினால் போதும்.' அக்கா அதையும் இரண்டு தடவை படித்தாள்.

அவள் கடையில் 'மகாராணி' என்று ஒரு துணிப்பொம்மை உண்டு. தைத்த சட்டை எதுவானாலும் முதலில் போட்டுக்கொள்வது அதுதான் என்பதால் அந்தப் பட்டம். கழுத்தோடு உருவம் முடிந்துவிடும். தலை கிடையாது. அன்று சாயங்காலம் மகாராணிக்கு ஒரு புதுச் சட்டையை மாட்டினாள். காலையில் கழற்றி எடுத்துக்கொண்டு மாடியேறினாள். பொம்மையைப் போர்வையில் சுற்றித் தம்பி தோளில் ஏற்றி, "படியிலயே நில்லு. ஏன்னு கேக்காதே" என்று சொல்லிவைத்தாள்.

சக்கரவர்த்தி சட்டைமேல் தடியை வைத்தார். "பேரு?"

"மகாராணி."

"வயசு?"

"கடைக்கு வந்தே பதினோரு வருஷம் ஆச்சுங்க. வரும்போதே வளந்த ஆளு."

"நாப்பதுன்னு வெச்சுக்குவோம். சாப்பாடு?"

"ஒரு பருக்கை இறங்கினதில்ல."

"அடடா! தூக்கம்?"

"நின்னுக்கிட்டேதான்."

"நடமாட்டம்?"

"யாராவது தூக்கினாத்தான் உண்டு."

கூட்டம் 'உச்' கொட்டியது. பெட்டி 'பீப்' என்றது. சக்கரவர்த்தியின் முகம் கவலையில் சுருங்கியது.

"பி-பன்னெண்டு அடிமட்டம்! முடி கொட்டுது. ஞாபக மறதி. அப்புறம் கடுமையான தலைவலி."

"தலைவலியா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"பெட்டி பொய் சொல்லாதும்மா. நோயோட மூலமே தலையிலதான் இருக்கு! ஆறு டப்பா."

"டேய் தம்பி, மகாராணியைக் கூட்டிட்டு வா!"

தம்பி உள்ளே வந்து மேசைமேல் பொம்மையை நிறுத்தினான். அக்கா போர்வையை உருவினாள்.

"இவதாங்க மகாராணி. தலை எங்க வலிக்குதுன்னு கொஞ்சம் தொட்டுக் காட்டுங்க."

பின்வரிசையில் யாரோ 'க்ளுக்' என்றார். அவ்வளவுதான், அறையே அதிர்ந்தது. தம்பிக்கும் அப்போதுதான் உறைத்தது. நேற்று ததும்பிய பி-பன்னிரண்டு நினைவுக்கு வர, டப்பா வாங்கக் கூடவே வந்திருந்த பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அது... சட்டையைத் தூக்கிட்டு வந்தது நீங்கதானே, உங்க அலைதான் பதிஞ்சிருக்கு" என்று குழறினார் சக்கரவர்த்தி.

"அப்போ தலைவலி எனக்கா? ஆமாய்யா, இருக்கு. ரெண்டு நாளா நீதான்!"

டப்பா வாங்கியவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். வாங்கிய பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் அவரால் படியிறங்க முடிந்தது. தட்டியைக் கழற்ற நேரமில்லை. அது மட்டும் இரண்டு நாள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

அன்றே பட்டன் டப்பா திறந்தது. லேப் மேசையில் இருந்த பெண், "முழு உடம்புக்கும் பேக்கேஜ் இருக்கு, தள்ளுபடியில போட்டுடலாமா?" என்றாள். அக்கா டாக்டர் சீட்டை நீட்டினாள். "இதுல எழுதினது மட்டும். சட்டை தைக்க வந்தவளுக்கு ஜன்னல் திரையும் சேத்துத் தைக்காதேம்மா."

தம்பி பெண்டாட்டி கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினாள். திறந்து பார்த்து, "முடிஞ்சுதா? இவ்வளவுதானா?" என்றாள். மறுநாள் முடிவு வந்தது. ததும்புவதாகச் சொன்னாரே அந்த பி-பன்னிரண்டு, அதுதான் அடிமட்டத்தில் கிடந்தது! இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் நரம்பு கெட்டிருக்கும் என்று டாக்டர் திட்டிவிட்டு மருந்து எழுதினார். அதுவும் ஊசிதான்.

இரண்டு மாதம் கழித்துக் காஜா போடும்போது விரலில் சுருக்கென்று குத்திக்கொண்டு "ஆ!" என்று கத்தினாள். குத்தியது தெரிகிறதே என்று நாத்தனாரும் அவளும் கட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

இப்போது அடுத்த தெருவில் ஒருவர் நாக்கின் நிறத்தைப் பார்த்தே இரும்புச்சத்து சொல்கிறாராம். படியில் கால் வைக்க இடமில்லையாம். மகாராணி ஏமாந்தால் மன்னிக்கலாம் ஐயா, கழுத்துக்கு மேலே அவளுக்கு ஒன்றும் கிடையாது. உங்களுக்கு இருக்கிறதே, அதைத் தலைவாரிக்கொள்ள மட்டுமா வைத்திருக்கிறீர்கள்?